நாலாவது தடவை சொன்னது

அந்த நாற்காலி வேணாம் சார், அதுக்கு ஒரு கால் கொஞ்சம் யோசிச்சுதான் நிக்கும். கட்டில்லயே உக்காருங்க. ஆன்டெனாவ இப்படிக் கொடுங்க, மூலையில சாச்சு வைக்கறேன். மீனத் தின்னுட்டு முள்ள மட்டும் மிச்சம் வெச்ச மாதிரி இருக்கு. இதத் தூக்கிக்கிட்டா மூணு மாடி ஏறினீங்க? கீழ தையல்காரர் கதவத்தான் முதல்ல தட்டினீங்களாமே. பாவம் சார் அந்த மனுஷன். விமானக்காரங்க பேச்சுக்கு இடைஞ்சல் பண்ற மெஷின் இந்தக் கட்டடத்துல இருக்குன்னு நீங்க சொன்னதும், பதறிப்போய் காஜா அடிக்கற மெஷினத் தூக்கி உங்க கையில கொடுத்துட்டாராம்.

அப்படியா? நீங்க பிடிச்ச பதிவுல பின்னால தையல் மெஷின் சத்தம் கேட்டுச்சா? அதனாலதான் அவர் வீடா! அட. அவ்வளவு துல்லியமாவா பதிவாகும்? அப்ப நான் பேசினதும் தெளிவா இருக்கும். நல்லது.

இல்ல சார், நல்லதுன்னு சும்மா சொன்னேன்.

ஓடல்லாம் மாட்டேன். எனக்கு முட்டி வலி. ரேடியோ செட்டு இதோ மேஜை மேல. கதவத் தொறந்ததுமே நானே சொல்லிட்டேனே, காலையில பத்து மணியிலேருந்து பத்து இருவத்திமூணு வரைக்கும் விமான நிலையக் கோபுரத்து அலைவரிசைய அடைச்சுக்கிட்டு இருந்தது இந்தச் சனியன்தான்னு. எடுத்துக்கிட்டுப் போங்க. பதிலுக்கு ரசீது கூட வேணாம். கையெழுத்தா? போடறேன். எத்தன பக்கம்? ஆறா? படிச்சுப் பாத்துட்டுப் போடறேன் சார், அரசாங்கக் காகிதத்துல படிக்காமக் கையெழுத்துப் போட்டா உங்களுக்குத்தான் அவமரியாதை. மணி என்ன? அஞ்சேகாலா. சரி சரி. தாராளமா இருக்கு. டீ போட்டுட்டேன், ஆறறதுக்குள்ள குடிங்க.

வீட்ல யாருமில்லையான்னு கேட்டீங்களே. வீட்டுக்காரி பல் டாக்டர்கிட்ட முன் மேஜையில வேலை பாக்கறா. ஆறு மணிக்கு வருவா. வந்தாலும் என்கிட்டப் பேச மாட்டா. இன்னியோட பதினேழு நாளாச்சு. பல் ஆஸ்பத்திரியில வர்றவன் போறவன்கிட்டல்லாம், வாயத் தொறக்க முடியாதவன்கிட்டக்கூடப் பேசறா. இங்க வந்தா, கப்சிப். அந்த ஐஸ்பெட்டிக் கதவப் பாருங்க, சீட்டா ஒட்டியிருக்கா. பால் திரிஞ்சுபோச்சு. குழாய்க்காரர் நாளைக்கு. சோப்பு தீந்துபோச்சு. அதான் இப்ப எங்க குடும்பம். காந்தம் மட்டும் இல்லேன்னா நாங்க ரெண்டு பேரும் தொடர்பே இல்லாதவங்க.

முதல் பக்கம் ஆச்சு. பேரு, விலாசம், தொழில். தொழில் என்னன்னு போடறது? விமானத்துல சாப்பாட்டுத் தட்டு தருவாங்கல்ல, அத அடுக்கற கூடத்துல ராத்திரி வேலை. பன்னு, வெண்ணெய், கரண்டி, மூடி. பன்னு, வெண்ணெய், கரண்டி, மூடி. பத்தொன்பது வருஷம். ஒருநாள் திடீர்னு தோணுச்சு சார், இத யாருதான் தின்னறாங்க? மேல போறவங்க என்னதான் பேசிக்கறாங்க? அந்தச் சமயத்துலதான் பழைய சாமான் சந்தையில இது கெடச்சுது. டார்ச் லைட்டுன்னு நெனச்சு வாங்கினேன். வீட்டுக்கு வந்து திருகினா வெளிச்சம் வரல, ஒரு மனுஷன் வந்தாரு. மூவாயிரம் அடிக்கு இறங்கறேங்கறாரு. நான் பயந்துபோய்க் கொஞ்சம் தள்ளி நின்னேன்.

அப்புறம் பழைய பேப்பர் கடையில ஒரு இங்கிலீஷ் புஸ்தகம் கெடச்சுது, வானொலிப் பேச்சு முறைகள்னு. அகராதிய வெச்சுக்கிட்டு எழுத்துக் கூட்டிப் படிச்சேன். நடுவுல இருவது பக்கம் கிழிஞ்சு போயிருந்துச்சு. பொருளடக்கத்தப் பாத்தா, கிழிஞ்சது அவசர நிலை அத்தியாயம். அதனால எல்லாம் ஒழுங்கா நடக்கும்போது என்ன பேசணும்னு எனக்கு அத்துப்படி. ஏதாவது கோணலாப் போச்சுன்னா என்ன பேசணும்னு மட்டும் தெரியாது.

சிரிக்காதீங்க சார். நெஜமாத்தான்.

உங்களுக்குத் தெரியாததா, இருந்தாலும் நான் சரியாப் படிச்சிருக்கேனான்னு பாருங்க. ஒரு அலைவரிசையில ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேசலாம். பட்டன அமுக்கினா வாய், விட்டா காது. ரெண்டும் ஒண்ணா கிடையாது. அமுக்கிக்கிட்டு இருக்கறவனுக்கு உலகமே கத்தினாலும் கேக்காது. ரெண்டு பேரு சேந்து அமுக்கினா கீச்சுன்னு ஒரு சத்தம், யாருக்கும் எதுவும் புரியாது. அதனால முதல்ல கேளு, யாராவது பேசறாங்களான்னு பாரு, யோசி, அப்புறம் அமுக்கு. எங்க மாமியார் போன்ல வந்தாங்கன்னா பட்டன விடறதே கிடையாது. நான் மரியாதையாச் சொல்லிப் பாத்தேன், அத்தை, நீங்க கொஞ்சம் விட்டீங்கன்னா எதிர்முனையும் பேசும்னு. மாப்பிள்ளைக்குத் தூக்கம் கெட்டு மூளை சூடாயிடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டாங்க.

பேசற வரிசையும் இருக்கு. யாரக் கூப்பிடறோம், நாம யாரு, எங்க இருக்கோம், என்ன வேணும். எவ்வளவு அழகு பாருங்க! வளவளன்னு இல்ல. நான் அத வீட்ல கொண்டுவந்தேன். பல் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, பல் ஆஸ்பத்திரி, இது வீடு, சமையல்கட்டுல நிக்கறேன், உப்பு டப்பா இருக்கற இடம் தெரியணும், அப்படீம்பேன். அடுப்புக்கு மேல, வைங்க போனங்கறா. நான் விடுவேனா? அடுப்புக்கு மேல, போன வைக்கறேன். அதான் சார் முக்கியம், திருப்பிச் சொல்றது. கோபுரம் ஒரு உத்தரவு கொடுத்தா பைலட்டு அத அப்படியே திருப்பிச் சொல்லணும். எத்தனாயிரம் அடி, எந்த ஓடுபாதை, எல்லாம். தப்பா இருந்தா கோபுரம் திருத்தும். வெறுமனே ரோஜர்னு சொன்னா காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம், அவ்வளவுதான். செய்யறேன்னு அர்த்தமில்ல. புரிஞ்சுதுன்னும் இல்ல.

கல்யாணமாகி இருவத்திரெண்டு வருஷம் சார், இது வந்தப்புறம் எத்தன சண்டை மிச்சமாச்சு தெரியுமா? தக்காளி அரைக் கிலோன்னா, தக்காளி அரைக் கிலோ. வெள்ளிக்கிழமை மின்சார ஆபீஸுன்னா, வெள்ளிக்கிழமை மின்சார ஆபீஸ். முதல்ல அவளுக்கு எரிச்சல். கிளிய வளக்கறதுக்குப் பதிலா உங்களக் கட்டிக்கிட்டேன்னா. அப்புறம் பழகிடுச்சு. நான் திருப்பிச் சொல்லலேன்னா வாசல்லயே நின்னு, ம், சொல்லுங்கம்பா.

வாசல்னு ஏன் சொல்றேன்னா, எங்க பேச்சு மொத்தமும் அங்கதான். நான் காலையில ஏழேகாலுக்கு உள்ள வருவேன், அவ ஏழு இருவத்தஞ்சுக்கு வெளிய போவா. நடுவுல பத்து நிமிஷம். ஒரு கோபுரம் இன்னொரு கோபுரத்துக்கிட்ட விமானத்த ஒப்படைக்கற மாதிரி, வீட்ட என்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போவா. செருப்பு மாட்டிக்கிட்டே சொல்வா, நான் செருப்பக் கழட்டிக்கிட்டே திருப்பிச் சொல்வேன்.

ரெண்டாம் பக்கம்... கருவியைப் பெற்ற விதம். டார்ச் லைட்டுன்னு எழுதறேன். உண்மை அதானே. மூணாம் பக்கம், சம்பவ விவரம். இதுக்கு நாலு வரிதான் விட்டிருக்கீங்க, எப்படி சார் போதும்?

சொல்றேன். இந்த செட்டு கேக்கவும் செய்யும், பேசவும் செய்யும். ஒம்பது வருஷத்துல ஒருதடவை கூட நான் அந்தப் பட்டன அமுக்கினதில்ல. சத்தியமா. அமுக்கக் கூடாதுன்னு, இருமல் மருந்துப் பாட்டில் மூடிய அதுமேல கவுத்து, சுத்தி டேப்பு போட்டு ஒட்டினேன். அவ்வளவு பயம். பேசும்போது எரியற சிவப்பு விளக்குக்கும் கறுப்பு டேப்பு. ஏன்னா செட்டுக்கு சார்ஜ் ஏறும்போதும் அது மினுக்கும், பகல்ல தூங்கற மனுஷனுக்கு அது கண்ணக் குத்தும். இன்னிக்குக் காலையில இத அந்த அலமாரித் தட்டுல, கண்ணாடிக்கும் மாவு டப்பாவுக்கும் நடுவுல சொருகி வெச்சேன். டப்பா புதுசு, கொஞ்சம் பெரிசு. இறுக்கமா இருந்துச்சு. டப்பா மூடிய அமுக்க, மூடி பட்டன அமுக்க... அமுக்கக் கூடாதுன்னு நான் ஒட்டினது எதுவோ அதுதான் சார் அமுக்கிடுச்சு. எந்தப் புஸ்தகத்துலயும் இது இல்ல.

எனக்கெப்படித் தெரியும்? விளக்கு மேல டேப்பு. அமுக்கினா காது போயிடும்ல, செட்டுலேருந்து சத்தமே இல்ல. இன்னிக்கென்ன வானம் இவ்வளவு அமைதியா இருக்கு, ஒருத்தரும் இறங்கல போலன்னு நெனச்சுக்கிட்டேன். நல்லதாப் போச்சு, இந்த அமைதியில ஒத்திகை பாத்துடலாம்னு கண்ணாடி முன்னால நின்னேன்.

ஒத்திகைன்னா... மன்னிப்பு கேக்கறதுக்கு சார். அவகிட்ட. உங்க பதிவுலதான் இருக்கே, நீங்க கேக்கலையா? சட்டத்துக்குத் தேவையான பாதிதான் கேட்டீங்களா? சரி.

ஏழு தடவை சொல்லிப் பாத்தேன். முதல் தடவை லீவு லெட்டர் மாதிரி வந்துச்சு, கடைசியில இப்படிக்குன்னு வேற சொல்லிட்டேன். ரெண்டாவது, அந்த வரிசைப்படி. மனைவி, இது கணவன், சமையல்கட்டு வாசல்ல நிக்கறேன், மன்னிப்பு வேணும். மூணாவது தடவை அழுகை வந்து விக்கல் எடுத்துடுச்சு. நாலாவது என்ன சொன்னேன்னு... அப்புறம் சொல்றேன். அஞ்சாவதுல மாமியாரக் கொஞ்சம் இழுத்துட்டேன். ஆறாவதுல இன்னும் கொஞ்சம். ஏழாவது தும்மல். எட்டாவதுக்கு முன்னால தண்ணி குடிக்கலாம்னு நகந்தவன், தலை கலைஞ்சிருக்கேன்னு சீப்பு எடுக்க டப்பாவ நகத்தினேன்.

அவ்வளவுதான் சார். மூடி விட்டுச்சு. காது வந்துச்சு.

ஒரு பொம்பளக் குரல். பைலட்டு. நம்ம பேச்சுலயே, ரொம்ப மரியாதையா: பேர் தெரியாத நிலையத்துக்கு, நாலாவது தடவை சொன்னது நல்லா இருந்துச்சு, அதையே சொல்லிடுங்க.

நான் செட்ட ரெண்டு கையாலயும் எடுத்துக் காதுகிட்ட வெச்சேன். அதுக்குள்ள ஒரு கட்டைக் குரல்: இல்லம்மா, மூணாவதுதான், விக்கல் வந்துச்சே அதுல உயிரு இருந்துச்சு. இன்னொருத்தர், சரக்கு விமானமாம்: எதுவா இருந்தாலும் மாமியார் பேச்ச எடுக்காதப்பா, நான் அனுபவத்துல சொல்றேன். நடுவுல ஒரு வெளிநாட்டுக்காரரு இங்கிலீஷ்ல, என்ன நடக்குது, யாருக்காவது ஆபத்தாங்கறாரு. அதுக்கு அந்தப் பொம்பள, ஒரு கணவர் மனைவிகிட்ட மன்னிப்பு கேக்கறாருன்னு மொழிபெயர்த்துச் சொல்லுது. அவரு கொஞ்சநேரம் கழிச்சு, நாலாவதத்தானே சொல்றீங்க, புரியலேன்னாலும் எனக்கும் அதுதான்னாரு! கோபுரம் வந்து, அலைவரிசையில அனாவசியப் பேச்சு வேண்டாம்னு அதட்டுச்சு. அதட்டிட்டு ஒரு நொடி விட்டு, நாலாவதுன்னு அதுவும் சொன்ன மாதிரி இருந்துச்சு. அது என் பிரமையாக்கூட இருக்கலாம், எழுதிக்காதீங்க.

யாருக்கும் ஆபத்தில்லன்னு நீங்களே சொன்னீங்கல்ல? முதல் நிமிஷத்துலயே எல்லாரையும் வேற அலைவரிசைக்கு மாத்திட்டாங்க. ஒவ்வொரு விமானத்துலயும் ரெண்டு செட்டு இருக்கும், ஒண்ணுல கோபுரம். இன்னொண்ண சும்மா இதுல விட்டுட்டு இருந்திருக்காங்க. அப்பப் பாருங்க, நம்ம வீட்டு சமையல்கட்டுலேருந்து கூடத்துக்கே எட்டாத என் குரல், எத்தனையோ மைலுக்கு எட்டியிருக்கு. எட்ட வேண்டிய ஒரு ஆளத் தவிர.

என்ன தப்பு பண்ணேன்னு நீங்க கேக்கவே மாட்டேங்கறீங்களே சார். ஆமா, ஃபாரத்துல அதுக்குக் கட்டம் இல்ல.

பதினேழு நாளைக்கு முன்னால. வாசல்ல. அவ செருப்பு மாட்டிக்கிட்டே சொன்னா, வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி, கழுத்துல அந்தக் கட்டிக்கு ரிசல்ட்டு வருது, கூட வாங்கன்னு. கட்டி இருக்குன்னு தெரியும், டெஸ்டுக்குக் கொடுத்திருக்கான்னும் தெரியும். எனக்கு ஒரு காதுல செட்டோட இயர்போன் மாட்டியிருந்துச்சு. மேல ஒரு விமானம், சக்கரம் இறங்கிடுச்சா இல்லையான்னு விளக்கு காட்டலையாம், பைலட்டு கோபுரத்துக்கிட்டக் கேக்கறாரு, எட்டிப் பாத்துச் சொல்லுங்கன்னு. நான் அதுல நிக்கறேன். அவ சொல்லிட்டு நிக்கறா. நான் ம்னேன்.

ம். அவ்வளவுதான் சார். திருப்பிச் சொல்லல. ஊருக்கெல்லாம், மாமியாருக்கு, குழாய்க்காரருக்கு, உங்களுக்குன்னு திருப்பிச் சொல்றதோட அருமைய விளக்கறவன், ம்னு சொல்லிட்டு உள்ள வந்து படுத்துட்டேன். அவ ஒரு நொடி நின்னா. எப்பவும் கேக்கறவ, ம் சொல்லுங்கன்னு அன்னிக்குக் கேக்கல. என் காதப் பாத்தா. போயிட்டா.

அந்த விமானத்துச் சக்கரம் ஒழுங்காத்தான் இறங்கியிருந்துச்சு. பல்பு போயிருந்துச்சாம்.

வியாழக்கிழமை அவ தனியாப் போயி, ஆஸ்பத்திரி நடையில மூணு மணி நேரம் தனியா உக்காந்திருந்திருக்கா, மாமியார் போன்ல சொல்லித்தான் தெரியும். நான் இங்க திரையப் போட்டுக்கிட்டுக் குறட்டை விட்டுட்டு இருந்தேன். சாயங்காலம் எழுந்து பாத்தா ஐஸ்பெட்டியில முதல் சீட்டு. அதோ, அந்த மூலையில இருக்கே, அதான், நான் எடுக்கல. கட்டி ஒண்ணுமில்லையாம். அதுக்குக் கீழயே, வெண்டைக்காய் வாங்கவும்.

இல்ல சார், தூசி. இந்த வீட்ல ஜன்னல் சரியா மூடாது.

அன்னிலேருந்து ஒவ்வொரு சீட்டுக்குக் கீழயும் நான் திருப்பி எழுதறேன். பால் திரிஞ்சுபோச்சு, புரிஞ்சுது. சோப்பு, ரெண்டு, வாங்கறேன். அவ பாக்கறாளான்னே தெரியல. ஒரே ஒருநாள், வெங்காயம் ஒரு கிலோன்னு நான் எழுதினத அடிச்சுட்டு, அரைன்னு போட்டிருந்தா. அன்னிக்கு முழுக்க எனக்கு என்ன சந்தோஷம்கறீங்க! தட்டு அடுக்கற இடத்துல எல்லாருக்கும் ரெண்டு ரெண்டு வெண்ணெய் வெச்சுட்டேன், சூப்பர்வைசர் திட்டினாரு.

மணி என்ன சார்? அஞ்சு அம்பதா. இன்னும் கொஞ்சம் டீ? வேணாமா. சரி, நாலாம் பக்கத்துக்கு வருவோம். அதத் தாண்டி அஞ்சு, ஆறுல முன்னாடியே போட்டுட்டேன், பாத்துக்கங்க. நாலுல மட்டும்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். குரல் அடையாளம். பதிவிலுள்ள குரல் என்னுடையதே என ஒப்புக்கொள்கிறேன், ஒரு கட்டம். மறுக்கிறேன், ஒரு கட்டம்.

மறுக்கிறேன்.

கோவப்படாதீங்க சார். மத்ததெல்லாம் ஒத்துக்கிட்டேனே. செட்டு என்னுது, மூடி என்னுது, மாவு டப்பா என்னுது. குரல் மட்டும் என்னுதான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. அவ்வளவு நல்லா நான் பேசுவேனா? நெஜமாத்தான் சொல்றேன், அந்த நாலாவதுல என்ன சொன்னேன்னு எனக்கு ஞாபகமே இல்ல. மத்த ஆறும் அட்சரம் பிசகாம இருக்கு, அது மட்டும் இல்ல. காலையிலேருந்து எவ்வளவோ முயற்சி பண்ணிட்டேன், சொல்லச் சொல்ல லீவு லெட்டராவே வருது. வானத்துல போறவங்களுக்கெல்லாம் கெடச்சுது, எனக்குக் கெடைக்கல.

உங்க ஃபாரத்துலயே கீழ போட்டிருக்கே, பாருங்க, பொடி எழுத்துல. மறுத்தால், குரலுக்குப் பழக்கமான ஒருவர் முன்னிலையில் பதிவை ஒலிக்கச் செய்து உறுதி செய்துகொள்ளவும். நீங்க கதவுகிட்ட நின்னு அடையாள அட்டையக் காட்டினப்பவே, கையில இருந்த ஃபாரத்தத் தலைகீழாப் படிச்சுட்டேன். தையல்காரர் சரிப்பட மாட்டாரு, அவருக்கு என் இருமல்தான் தெரியும். இருவத்திரெண்டு வருஷமா இந்தக் குரலக் கேட்ட ஆளு ஒருத்திதான். அதுக்குத்தான் சார், உங்கள இவ்வளவு நேரம் உக்கார வெச்சு, உங்களுக்கே தெரிஞ்சதையெல்லாம் உங்களுக்கே சொல்லிக்கிட்டு இருக்கேன். மன்னிச்சுக்கங்க. டீயும் ரெண்டு தடவை ஆறிப்போச்சு.

இருங்க. கேக்குதா? செருப்புச் சத்தம். ரெண்டாம் மாடியில ஒரு நிமிஷம் நின்னு மூச்சு வாங்குவா. அவதான்.

பதிவு இருக்கற போன எடுங்க சார். ஒண்ணு, ரெண்டு, மூணு வேணாம், தாண்டிடுங்க. அஞ்சு வர்றதுக்குள்ள நிறுத்திடுங்க, அதுல அவங்கம்மா வர்றாங்க. நாலாவது மட்டும். சத்தம் பெரிசா வைங்க.

என்ன சார்? ஆமா. நாலாவது மட்டும், சத்தம் பெரிசா, நடுவுல நான் வாயே தொறக்கக் கூடாது. சரி. பட்டன் உங்க கையில.

நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்.